பூமாரி மடித்த டின்கள்

பூமாரிக்கு ஒரு டின்னைத் தட்டையாக்க மூன்று மிதி போதும். முதல் மிதியில் நடுப்பகுதி ஒடுங்கும். பிறகு குனிந்து, வாய்ப்பக்கத்தை உள்ளே மடித்து, மடிப்பின் மேல் ஒரு மிதி. திருப்பிப் போட்டு இன்னொன்று. ஏலப்பாறையிலிருந்து வாகமண் போகும் சாலையில் சுற்றுலா வந்தவர்கள் வீசிவிட்டுப் போகும் பீர் டின்களும் குளிர்பான டின்களும் அவள் காலடியில் வெற்றிலை மடிப்பைப் போலாகிச் சாக்குக்குள் போகும்.

அவள் பஞ்சாயத்தின் ஹரிதகர்ம சேனையில் வேலை பார்க்கிறாள். வீடு வீடாகப் போய்க் குப்பையை வாங்கித் தரம் பிரிக்கும் பெண்கள் கூட்டம் அது. அதற்கு முன் பல வருடங்கள் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளினாள். எஸ்டேட் பாதி மூடிய பிறகு சேனையின் பச்சை மேல்கோட்டை மாட்டிக்கொண்டாள். கணவர் கருத்தப்பாண்டி மூட்டு வலியோடு எஸ்டேட்டின் லயத்து வரிசை வீட்டில் இருக்கிறார். ஒரே மகன் மணிகண்டன்.

அவளை விசேஷமான பெண் என்று சொல்ல முடியாது. முன்கோபி. கூட வேலை செய்கிறவர்களைக் குறை சொல்லாமல் அவளுக்குப் பொழுது போகாது. ஒன்று மட்டும் உண்டு: சொல்லிக்கொடுத்த வேலையைச் சொன்னதற்கு மேலேயே செய்வாள். இந்தக் குணத்தை உலகம் பாராட்டுகிறது. பாராட்டுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கோடையில் ஒரு நாள் அவளுடைய கூட்டாளி ராமலட்சுமி டின் சாக்கைத் தோளில் தூக்கினாள். டின்களின் அடியில் மிச்சமிருந்த இனிப்புக்கு வந்து அடைந்திருந்த குளவிகள் கிளம்பி அவள் முகத்தையும் கழுத்தையும் கொட்டிவிட்டன. அவள் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து வந்தாள். பிளாஸ்டிக்கைக் கழுவிக் காயவைத்துத் தர வேண்டும் என்று வீடு வீடாகச் சொல்வது சேனையின் வழக்கம். டின்னுக்கு அப்படி ஒரு விதியும் இல்லை. பூமாரி அந்த விதியை டின்னுக்கும் நீட்டினாள்.

"இனிமே டின்னையும் கழுவித்தான் கட்டணும்ட்டி," என்றாள்.

"கழுவு. அப்படியே தலை சீவிப் பொட்டும் வச்சு விடு. லாரிக்கார ஜோஸு தாலி கட்டிக் கூட்டிட்டுப் போவான்," என்றாள் ராமலட்சுமி, வீக்கம் வடியாத உதட்டோடு.

"உன் மூஞ்சி பூசணிக்கா மாதிரி வீங்கினப்ப யாரு ராத்திரியெல்லாம் உக்காந்து விசிறினா? பேசாம கழுவு."

வெயில் இருந்தவரை கழுவிய டின்களைக் குப்பை பிரிக்கும் செட்டின் முன்னால் கவிழ்த்து வைத்தார்கள். அவை காய்ந்தன. ஜூனில் மழை பிடித்தது. லயத்தில் உடுத்தும் துணியையே அடுப்புக்கு மேல் கயிறு கட்டித்தான் உலர்த்த வேண்டும். டின் எங்கே உலரும்? கழுவுவதை நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை. கழுவி, ஒரு உதறு உதறி, குளவி புகாமல் வாயை மடித்து மிதித்தாள். கொழுந்துச் சாக்கின் வாயை மடித்து அமுக்கிய கை அது. ஒரு வாயைக் கண்டால் மூடாமல் விடாது.

மடித்த டின்களை ஜோஸ் தன் லாரியில் பாலக்காட்டுப் பக்கம், கஞ்சிக்கோட்டில் இருந்த, அலுமினியம் உருக்கும் ஓர் உலைக்குக் கொண்டு போவான். சிறிய தொழிற்சாலை, இரண்டே உலைகள். மணிகண்டனுக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்ததும் அவன்தான்.

"சேச்சி, உங்க டின்னும் என் வண்டியிலதான் போகுது, உங்க மகனும் என் வண்டியிலதான் போனான்," என்பான். "டின்னு உருகும், பையன் உருப்படுவான். நோக்கிக்கோ."

உலையில் என்ன நடக்கிறது என்று மணிகண்டன் போனில் சொல்லியிருக்கிறான். உருக்கிப் பாளமாக ஊற்றுவார்கள். பாளம் வேறெங்கோ போய்த் தகடாகும். தகட்டில் மறுபடியும் டின் அடிப்பார்கள்.

"நீ மிதிச்ச டின்னு சுத்திச் சுத்தி உன் காலுக்கே வந்துரும் யம்மா."

"அப்ப எனக்கு ஓய்வே கிடையாதாலே?"

இருவரும் சிரித்தார்கள்.

ஜூலையில் ஒரு விடிகாலை, லாரியில் சாக்கு ஏற்றி முடித்த நேரத்தில் ஜோஸுக்குப் போன் வந்தது. பேசிவிட்டு அவன் பூமாரியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "சேச்சி, வண்டியில ஏறு. நேத்து உலை வெடிச்சு. மணிகண்டன் ஆஸ்பத்திரியில கெடக்குறான். உயிருக்கு ஒண்ணும் இல்லை. பேடிக்காதே, பயப்படாதே."

கட்டியிருந்த சேலையோடு அவள் ஏறினாள்.

வழியில் ஜோஸ்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். முற்றத்தில் மழையில் நனைந்து கிடந்த சரக்கை மணிகண்டன் பார்க்காமல் உலைக்குள் தள்ளிவிட்டான் என்கிறார்களாம். அதனால் புது உத்தரவு போட்டிருக்கிறார்கள்: இனி முற்றத்தில் எதையும் இறக்கக் கூடாது. லாரியிலிருந்து நேராக உலை வாய்க்கு.

"அதுக்காகத்தான் கிளம்பும்போது தார்ப்பாயை ரெட்டையாப் போட்டுக் கட்டினேன்," என்றான்.

நல்ல உத்தரவு என்றே பூமாரிக்கும் பட்டது. டீ குடிக்க வண்டி நின்றபோது அவள் இறங்கிப் பின்னால் போய்க் கயிற்று முடிச்சுகளை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தாள். ஒன்று தளர்ந்திருந்தது. அதைத் தானே இறுக்கினாள்.

மதியத்துக்கு மேல் ஜோஸ் அவளைப் பாலக்காட்டு ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுச் சரக்கோடு கஞ்சிக்கோட்டுக்குப் போனான்.

மணிகண்டனின் இரண்டு கண்களிலும் கட்டு. வலது கை தோள்வரை துணி. முகத்தில் எண்ணெய் போல மருந்து மினுங்கியது. இடது கண் தப்பிவிடும், வலது கண்ணைப் பற்றிக் கட்டுப் பிரித்த பிறகுதான் சொல்ல முடியும் என்று நர்ஸ் சொன்னாள். பூமாரி முக்காலியை இழுத்துப் போட்டு, புண் இல்லாத அவனுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யம்மா, நான் நனைஞ்ச சரக்கைப் போடலை," என்பதுதான் அவன் சொன்ன முதல் பேச்சு. "முருகன் சத்தியமா. தடவிப் பாத்துட்டுத்தான் போட்டேன். மேலே காஞ்சுதான் இருந்துச்சு."

"பின்ன எப்படிய்யா வெடிச்சுது?"

"உள்ளுக்குள்ள தண்ணி. உருகிக் கிடக்கிற அலுமினியத்துக்கு அடியில ஒரு மடக்குத் தண்ணி மாட்டினாப் போதும்மா. ஆவியாகி, இருக்கிற குழம்பையெல்லாம் தூக்கி எறிஞ்சுரும்." அவன் மூச்சு வாங்கினான். "யாரோ ஒரு நாயி டின்னு வாயை மடிச்சு மிதிச்சிருக்கான். தள்ளும்போது ஒண்ணு கையில தட்டுப்பட்டுச்சு. வெத்தலை மடிச்ச மாதிரி. என்னடா இதுன்னு நெனைக்கிறேன், அதுக்குள்ள உள்ள போயிட்டு. மடிச்சவன் கை அழுகிப் போகணும் யம்மா. நீயும் சொல்லு, அழுகிப் போகணும்னு சொல்லு."

அவன் பிடித்திருந்தது அந்தக் கையைத்தான்.

பூமாரியால் அதை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை, அங்கேயே விட்டுவைக்கவும் முடியவில்லை. கழுவியது சரி. குளவி வராமல் மூடியது சரி. தார்ப்பாயை இறுக்கியது சரி. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் எதிலும் பிழை இல்லை. சரியானவற்றை அடுக்கிக்கொண்டே போனால் முடிவும் சரியாக இருக்கும் என்று நாம் எல்லாரும் நம்புகிறோம். அதற்கு யாரும் உத்தரவாதம் தந்ததில்லை.

பிறகுதான் லாரி அவள் நினைவுக்கு வந்தது.

"இப்ப உலை ஓடுதா?"

"ரெண்டாவது உலை ஓடும். நாலு மணி ஷிஃப்ட்டுல சரக்குப் போடுவாங்க. எனக்குப் பதிலாச் சின்னமுத்து நிப்பான். ஏம்மா?"

முக்காலி உரசி நகர்ந்தது.

"யம்மா?" அவன் வெறும் காற்றில் கையை நீட்டித் துழாவினான். "யம்மா, எங்க போற?"

படியிறங்கும்போதே ஜோஸுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. நாள் முழுக்க வண்டி ஓட்டியவன் எங்காவது மர நிழலில் தூங்கிக்கொண்டிருப்பான். ஆட்டோவில் ஏறி மறுபடியும் போட்டாள். தொழிற்சாலையில் வேறு யாருடைய நம்பரும் அவளுக்குத் தெரியாது. மகனிடம் கேட்கத் திரும்பிப் போக நேரமும் இல்லை.

"வேகமாப் போங்கண்ணே," என்று ஆட்டோக்காரரை விரட்டினாள்.

கேட்டில் தடுத்தவரை மீறி அவள் உள்ளே ஓடினாள். செட்டுக்குள் காற்றே சுட்டது. லாரி பின்பக்கமாக உலையை ஒட்டி நின்றது. சாக்குகள் அவிழ்த்துக் கொட்டப்பட்டிருந்தன. உலைக் கதவு பாதி உயர்ந்திருக்க, ஒல்லியான ஒருவன் நீளக் கைப்பிடி வைத்த சவளில் டின்களை அள்ளிக்கொண்டு திரும்பினான்.

"போடாதே!"

அவன் திடுக்கிட்டு நின்றான். சூப்பர்வைசர் நவீன்குமார் ஓடி வந்தான். "ஏனுங்க, யாருங்க நீங்க? உள்ளார வரக்கூடாதுங்க. சூடுங்க, தள்ளி நில்லுங்க."

"இதப் போடாதீய. உள்ள தண்ணி இருக்கு."

"தண்ணியெல்லாம் இல்லீங்க. லாரியில இருந்து நேரா எறக்குன சரக்கு, அப்பளமாட்டக் காஞ்சு கெடக்குது. சின்னமுத்து, நீ போடு. நேரமாகுது."

சின்னமுத்து சவளைத் தூக்கினான். பூமாரி அவனுக்கும் உலைக்கும் நடுவில் போய் நின்றாள். முதுகு வெந்தது. சவளிலிருந்து ஒரு டின்னைப் பிடுங்கி, இடுப்பில் செருகியிருந்த வீட்டுச் சாவியை மடிப்புக்குள் விட்டு நெம்பினாள். தகடு விரலைக் கிழித்தது. மடிப்பு விரிந்தது.

உலை முன்னாலிருந்த இரும்புப் பலகையில் இரண்டு கரண்டித் தண்ணீர் விழுந்தது. சீறிக்கொண்டு வெண்மையாக எழும்பி, மறைந்தது.

சின்னமுத்து சவளைப் பாம்பைப் போலக் கீழே போட்டுவிட்டுச் சுவர்வரை பின்னால் போனான்.

நவீன்குமார் பலகையைப் பார்த்தான். குவியலைப் பார்த்தான். அவன் குரல் வெகுவாக இறங்கியிருந்தது. "இப்படி எத்தனைங்க இருக்குது இதுல?"

"எல்லாமே."

"எல்லாமேன்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"மடிச்சது நாந்தான்." பிறகு, அது போதாது என்று பட்டதாலோ என்னவோ, "மணிகண்டனுக்கு அம்மா," என்றாள்.

யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்கு நிற்க ஓர் இடம் கிடைத்திருக்கும். நவீன்குமார் கையைக் காட்டினான். உலைக் கதவு இறங்கியது. அவன் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்து, வெகுநேரம் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான். நனைந்ததைப் போட்டான் என்று மணிகண்டன் மேல் பழி போட்டு முதலாளியிடம் சொன்னவன் அவன்தான்.

பூமாரி குவியலின் அருகே தரையில் உட்கார்ந்து அடுத்த டின்னை எடுத்தாள். பிறகு அதற்கடுத்ததை. சற்றுக் கழித்துச் சின்னமுத்து ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு வந்து எதிரே உட்கார்ந்தான்.

"ஏனுங்க்கா, எதுக்குங்க இப்படி மடிச்சீங்க?"

"கதண்டுக் குளவி கொட்டக் கூடாதுன்னு."

அவன் சிரிக்கவில்லை. அடுத்த டின்னை எடுத்தான்.

கண்ணைக் கசக்கிக்கொண்டு ஜோஸ் வந்தான். "எந்தா சேச்சி இது? இங்க என்ன செய்யிற?" பூமாரி கையிலிருந்த டின்னை அவன் மேல் விட்டெறிந்தாள். "போனை எடுக்க மாட்டியாலே, தூங்குமூஞ்சி!" அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. காரணம் புரியாமல் ஜோஸும் குந்தி உட்கார்ந்து ஒரு டின்னை எடுத்தான். ஏலப்பாறைக் குழாயின் தண்ணீர் கஞ்சிக்கோட்டுத் தரையில் சிறிய ஓடையாகி வாசல்வரை போயிற்று.

இருட்டும் முன் அவள் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினாள். மணிகண்டன் தூங்கவில்லை.

"யம்மாவா? எங்க போயிட்ட? உன் மேல என்ன இப்படிப் புளிச்ச வாடை?"

அவள் மடியிலிருந்து ஒரு மடித்த டின்னை எடுத்தாள். பிரிக்காமல் கொண்டு வந்த ஒன்று. அதை அவனுடைய இடது கையில் வைத்தாள். அவன் விரல்கள் அதன் விளிம்பில் ஊர்ந்து, மடிப்பில் நின்றன. அங்கேயே நின்றன.

"இது எங்க கிடைச்சுது?"

"லாரியில. என் சாக்குல."

நர்ஸ் வந்து மருந்துத் தட்டை வைத்துவிட்டுப் போனாள். பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். அவன் டின்னைக் கீழே வைக்கவில்லை.

"சின்னமுத்து?"

"நல்லா இருக்கான். போட விடலை." அவள் அவனுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் கை ஈரமா இருக்கு."

"ரத்தம். தகடு கிழிச்சுருச்சு."

அவன் மடிப்பை விரலால் மறுபடியும் தடவினான். கை அழுக வேண்டும் என்று மதியம் அவன் சொல்லச் சொன்னது இருவருக்கும் நினைவிருந்தது. பிறகு மடித்த டின்னை வயிற்றின் மேல் வைத்துவிட்டு, "நர்ஸைக் கூப்பிட்டு அதுக்கு மருந்து போடச் சொல்லும்மா," என்றான். "சீழ் பிடிச்சுரப் போகுது."