அடியிலிருந்து வந்த தட்டல்

மூடுபனியின் ஈரத்தோடு கலந்த பெயிண்ட் ‘தின்னர்’ வாடை எங்கே வந்தாலும் இன்றைக்கும் நான் அப்பாவைத் தேடுவேன். இலங்கை மலையகத்து அப்புத்தளையில் எங்கள் வீட்டை ஒட்டித் தகரம் போட்ட ‘கராஜு’க்குள், ஜப்பானிலிருந்து வந்து ஏதோ ஒரு வளைவில் அடிபட்டுக் கேட்பாரற்றுக் கிடந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை, தேயிலைத் தோட்டத்து லொறி ஓட்டிய அப்பா கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்த காலத்து வாடை அது.

இரண்டே கதவு, சுவிட்சைப் போட்டால் மூடியைத் திறந்துகொண்டு எழும்பும் முன்விளக்குகள். ஒன்று எழும்பி மற்றது மூடியே கிடந்த நாளில், அது கெட்ட சகுனம் என்று நான் சோறு தின்னாமல் அழுதேன். “அடிபட்ட வண்டிங்க, ஆளக் கேக்கும்” என்று அம்மா சொல்லியிருந்தாள். அது காவு கேட்கப்போகும் ஆள் அப்பாதான் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். வேலை விட்டு வந்ததும் அவர் அதன் அடியில் புகுந்துவிடுவார். வெளியே தெரிவது கால்கள் மட்டும். காரைத் தூக்கி நிறுத்தியிருந்த ‘ஜக்கு’ நழுவினால் என்ன ஆகும் என்று அந்தச் சின்ன வயதில் நான் நினைத்துப் பார்க்காத விதமில்லை. அதனால் வாசலில் உட்கார்ந்து “அப்பா, அப்பா” என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பேன். பதில் சொல்லிச் சலித்தவர், “தட்டுனா உசுரோட இருக்கேன்னு அர்த்தம், போதுமா தாயி?” என்றார். அன்றிலிருந்து நான் கூப்பிடுவதும், அவர் ஸ்பேனரால் காரின் வயிற்றில் தட்டுவதும் வழக்கமாகிப்போனது. அடுப்படியில் நிற்கும் அம்மா அதைக் கேட்டுச் சிரிப்பாள்.

காரை வெளியே எடுக்கும் நாளும் வந்தது. இனி அப்பா அடியில் படுக்கமாட்டார் என்று எனக்கு நிம்மதி. எல்லாவற்றையும் புதிதாக்கியவர், ஹேண்ட்பிரேக் கேபிளை மட்டும் பிறகு பார்க்கலாம் என்று விட்டிருந்தார். எங்கள் மலையில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது சக்கரத்துக்குப் பின்னால் வைக்கும் கல்தானே, ஹேண்ட்பிரேக்கை யார் நம்பினார்கள்? அவர் முன்பக்கம் சூடம் கொளுத்திக்கொண்டிருக்க, அம்மா சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தாள். பின்னோக்கி எடுக்கும் வண்டி. பழம் வைக்க வேண்டிய இடத்தில் கல் கிடந்தது. சாமி காரியம் குறையில்லாமல் நடக்கட்டும் என்று ஒரு கல்லைத் தள்ளிவைத்தாள், மற்றதையும் கையில் எடுத்தாள்.

பழம் நசுங்கியது. பதறிப் பின்வாங்கிய அம்மா, முற்றத்தில் மழைத்தண்ணீர் ஓட வெட்டியிருந்த ‘கானு’க்குள் விழுந்தாள். சரிவில் உருண்டு வந்த கார், பின்சக்கரங்கள் கானுக்குள் இறங்க, அவளை மூடிக்கொண்டு நின்றது.

அப்பா கையில் சூடத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். “அம்மா!” என்று கத்தினேன். பதில் இல்லை. திரும்பவும் கத்தினேன். வாழ்க்கையில் அவ்வளவு பயம் எனக்கு வந்ததே இல்லை. அப்போது காரின் வயிற்றில் மெதுவாக ஒரு தட்டல் கேட்டது. சக்கரத்திலிருந்து எடுத்த கல் இன்னும் அவள் கையில்தான் இருந்திருக்கிறது.

பக்கத்து லயத்து வீடுகளிலிருந்து ஆட்கள் ஓடிவந்து காரைத் தூக்கினார்கள். ஒரு கை முறிந்ததோடு அம்மா பிழைத்தாள். “ஆளக் கேட்டுச்சு, புடிக்கல போல, விட்டுருச்சு” என்று பிறகு அவளே கேலி செய்வாள். அப்பா மட்டும் சிரித்ததில்லை. காரை அந்த மாதமே விற்றுவிட்டார்.

கராஜ் இருந்த இடத்தில் இப்போது யாரோ சுற்றுலாக்காரர்களுக்கு அறை கட்டி வாடகைக்கு விடுகிறார்கள். அம்மா போன வருடம் காய்ச்சலில் போய்விட்டாள். எத்தனை முறை கூப்பிட்டும் அன்று எந்தச் சத்தமும் வரவில்லை. அப்பா பதுளையில் என்னோடு இருக்கிறார். குளியலறையில் கொஞ்சம் தாமதித்தாலும் நான் கதவருகே போய் “அப்பா” என்பேன். அவருக்கு எரிச்சல்தான், வாய் திறக்கமாட்டார். உள்ளே வாளியில் தட்டும் சத்தம் கேட்கும்வரை நான் அங்கிருந்து நகர்வதில்லை.