அட்டையில் போட்ட நேரத்துக்குப் போனவள்

நாற்பத்தாறு வயதில் மாணவியாக இருப்பது முழுநேரத் தொழில். வகுப்பு கிழமைக்கு ஒருநாள்தான் என்பதெல்லாம் பேச்சுக்கு. பகல் முழுக்க வேலை செய்துவிட்டு, பிள்ளைகள் கைவிட்ட பென்சில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு ஓடும் சகபாடிகளே, உங்கள் நோவு எனக்குத் தெரியும்.

சுவிட்சர்லாந்தில், ஓல்டன் நகரில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் பதினொரு வருடமாகக் கரட் சீவுகிறேன். மேல்மாடியில், முதியவர்களோடு பாடி விளையாடி, அவர்களை உலாவக் கூட்டிப்போகிற பகுதியில் ஒரு இடம் காலியானது. அந்த வேலை எனக்கு வேண்டும் என்று இருந்தது. "பக்கத்து ஆரா நகரில் பின்னேர வகுப்பில் சமூகவியல் அறிமுகம் படித்துச் சான்றிதழோடு வா" என்றார் இல்லத் தலைவி. கடைசி வகுப்பில் பத்து நிமிடம் எல்லோர் முன்னாலும் ஜேர்மன் மொழியில் பேசினால்தான் சான்றிதழ். கரட்டுகளோடு நான் ஜேர்மனில் நன்றாகவே பேசுவேன். மனிதரைக் கண்டால்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

வீட்டுக்காரரின் சந்தேகம்

சமூகவியல் என்றால் என்ன என்று வீட்டில் விளக்கினேன். மனிதர் கூட்டமாக இருக்கும்போது எப்படி நடக்கிறார்கள், யார் யாரோடு சேர்கிறார்கள், ஏன் பிரிகிறார்கள் என்று கவனித்துப் படிப்பது. புத்தகத்தில் இருந்த விளக்கத்தையும் மொழிபெயர்த்துச் சொன்னேன். என் கணவர் சோறு பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதைத்தானே நீயும் உன்ரை தங்கச்சியும் ஒவ்வொரு ஞாயிறும் போனிலை செய்யிறியள்? இதுக்கு ஏனப்பா ஆராவுக்குப் போறாய்?"

எழும்பின கதை

முதல் வகுப்பு. ஆசிரியை ரெகுலா உள்ளே வந்தார். நான் எழும்பி நின்றேன். திருகோணமலைப் பள்ளிக்கூடத்தில் பத்து வருடம் பழகிய கால்கள் அவை, என்னைக் கேட்கவில்லை. பக்கத்தில் ஹான்ஸ்ருவேடி, ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், என்னைப் பார்த்துவிட்டு அவரும் எழும்பினார். அவருக்குப் பின்னால் இருந்த இரண்டு பெண்கள் எழும்பினார்கள். கடைசியில் பன்னிரண்டு சுவிஸ்காரரும் நிற்கிறார்கள். ஒருவர் கோட்டைக்கூட மாட்டத் தொடங்கிவிட்டார். எனக்கோ இருப்பதா நிற்பதா என்று தெரியவில்லை.

"தீ விபத்தா?" என்று கேட்டார் ரெகுலா. எல்லோரும் ஹான்ஸ்ருவேடியைப் பார்த்தார்கள். அவர் வெகு கம்பீரமாகப் பதில் சொன்னார்.

"தெரியாது. ஆனால் இந்தப் பெண் காரணம் இல்லாமல் எழும்புகிற ஆள் மாதிரி இல்லை."

வாங்கில் அரைமணி நேரம்

அடுத்து வந்தது ஒரு வீட்டுப்பாடம்: பொது இடமொன்றில் அரைமணி நேரம் ஒருவரோடும் கதைக்காமல் இருந்து, சனங்களைக் கவனித்து எழுத வேண்டும். நான் ஓல்டன் ரயில் நிலையத்தில் ஆட்கள் இருக்கிற மர வாங்கு ஒன்றில் குறிப்புக் கொப்பியோடு இருந்தேன். நாலு நிமிடத்தில் முதல் தமிழர். "என்னக்கா, தனிய இருக்கிறியள்?" விரலை உதட்டில் வைத்துக் காட்டினேன். அவர் முகம் கறுத்துப்போய் விலகினார். அடுத்து ஒரு அம்மா வந்து பக்கத்தில் இருந்து, ஒன்றும் கேட்காமல் என் கையைத் தடவினார். மூன்றாவது ஆள் தூரத்தில் நின்று போன் எடுத்தார். யாருக்கு என்று பிறகுதான் தெரிந்தது.

இருபதாவது நிமிடம் என் கணவர் வேலை உடுப்போடு படியால் ஓடி வருகிறார். கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டு வந்துவிட்டேன் என்று அவருக்கு மூன்று பேர் சொல்லிவிட்டார்களாம். கொப்பியை வாங்கிப் பார்த்தார். அதில் ஒன்றரை வரி இருந்தது.

"ஓல்டன் தமிழ்ச்சனம் முழுக்க உன்னைப் பாத்து முடிச்சிட்டுது. நீ ஆரைப் பாத்தனி?"

நாலு மணி

பிறகு வந்ததுதான் பெரிய பாடம். சமூகத்தில் எல்லோரும் சொல்லாமலே கடைப்பிடிக்கிற ஒரு வழக்கத்தை உடைத்து, என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். ஹான்ஸ்ருவேடி மற்ற இருக்கைகள் எல்லாம் வெறுமையாக இருந்த ரயில் பெட்டியில் ஒரு பெண்ணுக்குப் பக்கத்திலேயே போய் இருந்தார். அவ அடுத்த நிலையத்திலேயே இறங்கிப் போய்விட்டாவாம். நானும் யோசித்தேன். எங்கள் பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் வசந்தியின் மகனுக்கு முதலாவது பிறந்தநாள். அழைப்பு அட்டையில் மாலை நாலு மணி என்று போட்டிருந்தது. நான் நாலு மணிக்கே போக முடிவு செய்தேன்.

"உனக்கென்ன விசரோ? நாலெண்டு போட்டா ஆறரை. அது ஹோல்காரனுக்குச் சொல்லுற நேரம்!" என்று கணவர் வழி முழுக்கப் புலம்பினார். மண்டபத்தில் பொறுப்பாளர் மட்டும் கதவுத் திறப்போடு நின்றார். தமிழர் விழாக்களுக்கு இத்தனை வருடமாக நேரத்துக்குக் கதவு திறக்கிறேன், இன்றுதான் ஒருவர் உள்ளே வருகிறார் என்று என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சும்மா நிற்க வெட்கமாக இருந்ததால் மூவருமாகக் கதிரைகளை அடுக்கினோம்.

ஐந்தேகாலுக்கு வசந்தி வந்தாள். தலை முழுக்க முடி சுருட்டும் உருளைகள், ஒரு கையில் கேக், மறு கையில் பலூன். முதல் வரிசையில் பட்டுச்சேலையோடு என்னைக் கண்டதும் கேக் ஆடிப்போனது. கண்ணும் கலங்கிவிட்டது.

"அக்கா, நேரத்துக்கு வாறதெண்டா முதலே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமெல்லே!"

ஐந்து மணி

கதை பரவியது. மூன்று கிழமையாக வசந்தி என்னை எங்கே கண்டாலும் தன் மணிக்கூட்டைப் பார்த்தாள். எனக்கு மனம் கேட்கவில்லை. கடைசி வகுப்புக்கு விருந்தினரைக் கூட்டி வரலாம் என்று ரெகுலா சொன்னதும், சமாதானமாகட்டும் என்று அவளையும் இன்னும் சிலரையும் அழைத்தேன். தெரிந்த முகங்கள் முன்னால் இருந்தால் என் நாக்கும் கொஞ்சம் இளகும் என்று நப்பாசை. வகுப்பு ஆறரைக்கு. எங்கள் ஆட்களின் வழக்கம் தெரிந்த நான் ஐந்து மணி என்று சொன்னேன்.

ஆறு பத்துக்கு நானும் கணவரும் போய்ச் சேர்ந்தோம். நடைபாதையில் ஒன்பது தமிழர். வசந்தி பொரித்துக் கொண்டு வந்த பட்டீஸ் பலகாரப் பெட்டியில் பாதி காலி. ஹான்ஸ்ருவேடியின் மீசையில் மீதி. நேரம் தவறினால் என்னிடம் மானம் போய்விடும் என்று ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கவே வந்து, பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றிருக்கிறார்கள். வசந்தி என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வகுப்பில் என் முறை வந்ததும், கடதாசியோடு எழும்பி, எங்கள் ஆட்களின் நேர வழக்கத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். இரண்டாவது வசனத்தில் நாக்கு ஒட்டியது. மேல்மாடியும் பாட்டும் உலாவும் போச்சு, கரட்தான் என் தலையெழுத்து என்று நினைத்தேன். அப்போது இங்கேயே படித்து வளர்ந்த வசந்தி, முன் வரிசையில் இருந்து சுவிஸ் ஜேர்மனில் வெடித்தாள்: "நேரத்தைப் பற்றிப் பேசுகிறாவாம்! எங்களை எத்தனை மணிக்கு வரச் சொன்னவ என்று கேளுங்கள்!"

எனக்குக் கோபம் வந்தது. கடதாசியை மேசையில் போட்டுவிட்டு, ஏன் ஐந்து என்று சொன்னேன், அட்டையில் நாலு என்றால் எங்களுக்கு ஏன் ஆறரை, முதலில் வருகிறவரை ஏன் எல்லோரும் பரிதாபமாகப் பார்க்கிறோம் என்று கொட்டித் தீர்த்தேன். அவள் எதிர்த்துக் கேட்டாள், நான் விடவில்லை. ஹான்ஸ்ருவேடி கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான், இருபது நிமிடமாக ஜேர்மனில் சண்டை பிடித்திருக்கிறேன் என்பதே எனக்கு விளங்கியது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. வசந்தி எழும்பி வந்து என் வாயில் ஒரு பட்டீஸைத் திணித்தாள். ரெகுலா சான்றிதழை என் கையில் தந்துவிட்டு வகுப்பைப் பார்த்துத் திரும்பினார்.

"ஒரு வழக்கம் மாற ஒரு தலைமுறை எடுக்கும் என்று நான் தந்த குறிப்பில் இருக்கிறது. தயவுசெய்து அந்த வரியை எல்லோரும் வெட்டிவிடுங்கள்."

இப்போது நான் மேல்மாடியில் முதியவர்களோடு பாடிக்கொண்டு சந்தோஷமாகத்தான் இருக்கிறேன், ஆனால் எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு அழைத்தவர்கள் எல்லோரும் சொன்ன நேரத்துக்கே வந்து மணி அடிக்க, தலையில் உருளைகளோடு கதவு திறக்கிறவள் நானாகிவிட்டேன்.