நான் நிறுத்திய சண்டை

எட்டாவது படிக்கும்போது, ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் நடந்த சண்டையை ஒரு வியாழக்கிழமை மாலை நான் நிறுத்தினேன். வீராம்பட்டினத்தில், அதுவும் எங்கள் வீட்டுக்குள் மட்டும்தான். மறுநாள் மாலை வரை அது நின்றிருந்தது.

எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டாமல் பேப்பர் படிப்பவள் நான் ஒருத்திதான். அந்தப் பெருமையைத் தெருவே அறியும்படி உரக்கப் படிப்பேன். அப்பா கடலில் பிடித்துவரும் கணவாய் மீனை ஓர் ஏஜென்ட் வாங்கி ஏற்றுமதிக் கம்பெனிக்குக் கொடுப்பார். அது ரஷ்யாவுக்குப் போகிறது என்பதே, போகாமல் நின்ற பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

"கப்பலும் இல்ல, அங்கேர்ந்து பேங்க்ல பணமும் வரல. கணவாய்க்குப் போவாதண்ணா" என்றார் ஏஜென்ட்.

வேறு மீனும் அப்போது வலையில் படவில்லை. அப்பாவால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சும்மா கிடந்த படகு இஞ்சினை ஒரே நாளில் மூன்று முறை கழற்றி மாட்டுவார். சனிக்கிழமைக்குள் கம்பெனி வாங்காவிட்டால் மங்களூர் விசைப்படகில் வேலைக்குப் போய்விடுவதாகச் சொல்லியிருந்தார். அப்படிப் போன எதிர்வீட்டுக்காரர் பல மாதம் கழித்துத் திரும்பியபோது, அவர் பிள்ளை யாரென்று தெரியாமல் அவரைப் பார்த்து அழுதது. எனக்கு வகுப்பில் ஒரு பாடமும் ஏறவில்லை.

அந்த வியாழக்கிழமை மாலை, அப்பா டீக்கடையிலிருந்து பேப்பரோடு வந்தார். இரு தரப்பும் பேசச் சம்மதித்திருப்பதாகச் செய்தி. அவ்வளவுதான்.

"இன்னா போட்டிருக்கான் பாப்பா?"

"சண்ட முடிஞ்சிடுச்சாம்ப்பா. கையெழுத்து போடப் போறாங்களாம்."

"நல்லாப் பாத்துப் படிடி" என்றாள் அம்மா. "அந்த மனுஷன் டீசல ஊத்திக்கினு கெளம்பிடுவாரு."

"எட்டாவது படிக்கிறா. அவளுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சா?" என்றார் அப்பா.

வெள்ளிக்கிழமை விடியலில் கடலுக்குப் போனவர், மதியம் மூன்று பெட்டி நிறையக் கணவாயோடு வந்தார். ஏஜென்ட் வண்டி வரவில்லை. ஊரில் விற்கலாம் என்றால் வெள்ளிக்கிழமை. பாதி வீடுகளில் கவிச்சி கிடையாது. பள்ளியிலிருந்து வந்த என்னையும் கூட்டிக்கொண்டு, அம்மா ஒரு கூடைக் கணவாயோடு ஷேர் ஆட்டோ ஏறினாள். வெள்ளைக்காரர்கள் சாப்பிடும் ஓட்டல் ஒன்றின் பின்வாசலுக்குப் போனோம்.

சமையல்காரர் கூடையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "நாங்க பாக்கெட்லதான் வாங்குறோம்க்கா. சுத்தம் பண்ணி, வட்டமா நறுக்கியே வருது. இப்ப ரொம்ப சல்லிசு." பனிப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினார்.

"இன்னாடி போட்டிருக்கு?" என்று அம்மா என்னைக் கேட்டாள்.

இந்தியாவில் தயாரானது என்று ஓரத்தில் ஆங்கிலத்தில் இருந்தது. மற்றதெல்லாம் திருப்பிப் போட்டது போன்ற எழுத்துகள். படிக்கத் தெரியவில்லை என்று முதன்முறையாக அம்மாவிடம் சொன்னேன். ரஷ்யாவுக்குக் கப்பல் ஏற முடியாத எங்கள் கணவாய்தான் எங்களுக்கு முன்பே அங்கு வந்திருந்தது என்பது, வணிகவியல் படிக்கும் இப்போது தெரிகிறது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஸ்பீக்கரில் ஏஜென்டைப் பிடித்தாள். "சண்டதான் முடிஞ்சிடுச்சே. வந்து எடுத்துக்கினு போனா இன்னா?"

"யாருக்கா சொன்னது முடிஞ்சிடுச்சின்னு? நேத்து மதியமே அண்ணன் போன் பண்ணி கேட்டாரு. ரெண்டு மாசத்துக்கு எடுக்க மாட்டோம், போவாதன்னு தெளிவா சொன்னேனே."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அவர் பெட்டிகளுக்கு மேல் இன்னும் கொஞ்சம் ஐஸை அள்ளிப் போட்டார்.

"பாப்பா படிச்சுதே" என்றார், யாரையும் பார்க்காமல்.

அம்மா எழுந்துபோய், அவர் வெளியூருக்குப் போட்டுப்போகும் இரண்டு சட்டைகளைத் துவைத்துக் காயப்போட்டாள். அப்பா போன் பண்ணியதாக ஏஜென்ட் புளுகுகிறார் என்று நான் நினைத்தேன். அவர் பேச்சை அப்பா நம்பவில்லை, என்னைத்தான் நம்பினார் என்ற நிம்மதியில் அன்று வயிறாரச் சாப்பிட்டேன்.