வியாதியா, குணமா

எனக்குக் கோபம் சட்டென்று வரும். சாம்பாரில் உப்பு குறைந்தால்கூடக் கத்துவேன். "டாக்டரம்மா, இது வியாதியா, குணமா?" என்று வீட்டுக்காரர் சீண்டுவார். அவர் விளையாட்டாகக் கேட்கிற கேள்வியைத்தான் நான் இத்தனை வருஷமாக ஆராய்ச்சி என்ற பேரில் கட்டிக்கொண்டு அழுகிறேன். மனச்சிதைவு வியாதி, மாத்திரைக்குப் பெரும்பாலும் மசியும். ஆளுமைக் கோளாறு ஆளோடு சேர்ந்து வளர்ந்த குணம். மாத்திரை அதை அவ்வளவாக அசைக்காது. புத்தகத்தில் இரண்டுக்கும் நடுவே அழகாகக் கோடு போட்டிருக்கிறார்கள். தினமும் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குப் பஸ் ஏறிப் போய், என் அறைக்கு வருகிறவர்களிடம் அந்தக் கோட்டைத் தேடித் தேடி எனக்கு மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

முகையூர்ப் பக்கத்திலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற குடும்பம். அவர் யாரோடும் பேசமாட்டார். பக்கத்து நிலத்துக்காரர்கள் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்பார். அவள் போடும் சோற்றில் என்னமோ கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிடுவார்.

"எங்க மாமியாரு, சின்னதுலேர்ந்தே இவரு இப்படித்தான், அது அவரு குணம்னு சொல்றாங்க மேடம்," என்றாள் அவள். "ஒரே பேஜாரா கீது. நீங்க எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. வியாதின்னா கூட இருந்து பாத்துக்கினு போறேன். குணம்னா வல்லத்துல எங்கம்மா ஊட்டுக்குப் பூடுவேன்."

அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

ஒரு பெண்ணின் வாழ்க்கை என் வாயிலிருந்து வரப்போகும் ஒரு சொல்லில் தொங்குகிறது. எனக்கோ அந்தச் சொல் தெரியவில்லை. கொஞ்ச நாள் மருந்து கொடுத்துப் பார்ப்போம் என்றேன். அவரிடம், "ஒழுங்கா மாத்திரை போடுங்க, குணமாயிடும்," என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த முறை அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். அவர் அவள் கையால் வாங்கிச் சாப்பிடுகிறாராம், மல்லாட்டை பிடுங்கப் போகிறாராம். அப்பாடா, வியாதிதான் என்று நிம்மதியானேன். அதற்கடுத்த முறை எல்லாம் பழைய குருடி கதவைத் திறடி. அப்புறமும் அப்படியே. மருந்தைக் கூட்டினேன், மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை.

"மாத்திரை போடுறாரா, இல்லையா?" என்று கத்தினேன்.

"என் கண்ணு முன்னாலதான் வாயில போட்டுக்கிறாரு மேடம்."

எனக்குத் தலை சுற்றியது. நல்லாகி வந்த ஆள் ஏன் திரும்பிப் போகிறார்? முதலில் கண்ட முன்னேற்றமே என் பிரமையா? மாமியார் சொன்னதுதான் சரியா? அன்றைக்கு அவள் அம்மா வீட்டுக்குக் கிளம்பத் தயாராகத் துணிப்பையோடு வந்திருந்தாள். வேறு வழியில்லாமல் ஆரம்பித்தேன்.

"இது வியாதி மாதிரி தெரியலம்மா..."

"வியாதிதான் மேடம்!"

அவர்தான். என் அறையில் அவர் குரல் அவ்வளவு பெரிதாக எழுந்ததே இல்லை. "மொதல்ல முழுங்கினேன், நல்லாவுறது தெரிஞ்சதும் மாத்திரையெல்லாம் கொல்லைல போயி துப்பிட்றேன் மேடம். வியாதி அப்படியேதான் கீது."

"ஏன்யா துப்புறீங்க?"

"குணம்னா பூடுவேன்னு இவதான சொன்னா? மாத்திரை போட்டா குணமாயிடும்னு நீங்க வேற சொன்னீங்க."

அவளுக்குத்தான் முதலில் விளங்கியது.

"அடப்பாவி மனுசா! நான் அந்தக் குணத்தையா சொன்னேன்?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள். "இப்ப சொல்லுங்க மேடம். இது வியாதியா, குணமா?"

உலகத்தில் ஒருவரையும் நம்பாத மனுஷர், இவள் போய்விடக் கூடாது என்று தன் வியாதியைப் பத்திரமாக வைத்திருக்கிறார். இதைக் கோட்டுக்கு எந்தப் பக்கம் வைப்பது? படித்ததையெல்லாம் புரட்டிப் பார்த்தேன். ஐயோ, எதிலும் இல்லை.

"தெரியலம்மா," என்றேன்.

அவள் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, ஒன்றைப் பிதுக்கி அவர் வாயருகே நீட்டினாள்.

"குணமானாலும் நான் எங்கியும் போவல. முழுங்குய்யா."

எந்தக் குணத்தைச் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை. அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு விழுங்கினார்.