விஞ்ஞானிக்குக் கட்டிய வெள்ளைக்கொடி

என் கோணல் எழுத்தையும் பிழைகளையும் மன்னியுங்கள்; நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன்.

கண்டியில் ஒரு புடவைக்கடைக்குச் சைக்கிளில் மூட்டை கொண்டுபோகும் வேலை செய்தேன். இந்தியாவில் ராக்கெட் விடத் தொடங்கிய விஞ்ஞானியும் அதன் பாகங்களைச் சைக்கிளில்தான் அனுப்பினார் என்று வானொலியில் கேட்டதிலிருந்து அவர் எனக்கு நெருங்கியவர். அவர் இறந்த செய்தி வந்த காலையில், மரண வீட்டுக்குக் கட்டுவதுபோல் கடை வாசலில் வெள்ளைக்கொடி கட்டினேன். முதலாளிதான் போய்விட்டார் என்று நினைத்துப் பக்கத்துக் கடைக்காரர் மலர்வளையத்தோடு வந்துவிட்டார். கொடி ராக்கெட் விஞ்ஞானிக்கு என்று அவரிடம் சொன்னேன்.

"எந்த மாமனுக்குடா கொடி? மூட்ட தூக்குற நாய்க்கு ராக்கெட்டு கேக்குதோ? அவுத்துட்டு வேலயப் பாரு, இல்லாட்டி போ!" என்று கல்லாவிலிருந்து முதலாளி கத்தினார்.

யாரையும் எதிர்த்துப் பேசாத நான், "ஒங்களுக்குன்னா கட்டமாட்டேன், மொதலாளி" என்று சொல்லி, கொடியை அவிழ்க்காமலே வேலையை விட்டேன். அந்த ஆள் மேல் கோபம் இன்னும் ஆறவில்லை.

புத்தர் பிறந்த பௌர்ணமியான வெசாக் போயாவுக்கு மறுநாள் எழுதியது.