கசங்காத நோயாளி

அந்தத் தெருவில் அவளை மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சலவைக் கடையின் முன்மேசையில் நின்று அவள் மடித்துத் தரும் சட்டை எத்தனை தூரம் பயணம் போனாலும் கழுத்துப்பட்டி நிமிர்ந்தே இருக்கும். பின்னறையில் இஸ்திரிப் பெட்டியோடு நிற்பவர் அவள் கணவர். கறை போகவில்லை என்றால் வாடிக்கையாளரிடம் சொல்லிவிடலாம், பொத்தான் உடைந்தால் வேறு தைத்துக் கொடுக்கலாம், ஆனால் கசங்கலோடு ஒரு துணி கடைவாசலைத் தாண்டக் கூடாது. இது அவருடைய சட்டம். நாளாக நாளாக அது வீட்டுக்கும் வந்துவிட்டது. மூலைக்கடைக்குப் போனாலும் தேய்த்த துணிதான்.

அவளுக்கு மார்பில் புற்றுநோய். அறுவை சிகிச்சை முடிந்து கீமோ நடந்துகொண்டிருந்தது. மருந்தேற்றிய பிறகு சில நாள் படுக்கை. அதன்பின் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு மேசைக்கு வந்துவிடுவாள். யாராவது உச்சுக்கொட்டினால், "சீப்பு தேடுற வேலை மிச்சம். உங்க சட்டைக்குக் கஞ்சி போடணுமா, வேணாமா?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவாள்.

மருந்தேற்றும் பிரிவின் மூத்த நர்ஸ் முதல் தடவையே அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லியிருந்தாள். "மருந்து ஏத்தின அடுத்த வாரம் உங்க ரத்தத்துல எதிர்ப்புச் சக்தி அடிமட்டத்துக்குப் போயிடும். அப்ப காய்ச்சல் வந்தா சாதாரணமா நினைக்காதீங்க. உசுருக்கே ஆபத்து. மாத்திரை போட்டு அமுக்காதீங்க. நேரா இங்க வந்துடுங்க."

அந்த நேரம் கணவர் கீழே மருந்துக் கடை வரிசையில் நின்றிருந்தார். வீட்டுக்குப் போகும் வழியில் அவள் அவரிடம் சொன்னது பாதிதான். காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மாத்திரை விஷயத்தை விட்டுவிட்டாள்.

ஒரு விடுமுறை நாள் காலையில் காய்ச்சல் வந்தது. பற்கள் தடதடவென்று அடித்துக்கொண்டன. தெர்மாமீட்டரைப் பார்த்ததும் அவர், "கிளம்பு" என்றார். ஈரத்துணியால் அவள் முகத்தைத் துடைத்தார். நீலச் சட்டையை ஓட்டமாக ஓடித் தேய்த்துக் கொண்டுவந்து போட்டுவிட்டார். தலைத்துணியை இறுக்கிக் கட்டினார். ஒரு மாத்திரையும் தண்ணீரும் நீட்டினார். வாந்திக்கு வழக்கமாகத் தருவது என்று நினைத்து, கண்ணைத் திறக்காமலே அவள் விழுங்கினாள்.

வாடகைக் கார் பாதி தூரம் போவதற்குள் நடுக்கம் நின்று, கழுத்தில் வியர்த்தது.

"பாத்தியா, இப்பவே முகம் தெளிஞ்சிடுச்சு," என்றார் அவர்.

"என்ன மாத்திரை குடுத்தீங்க?"

"காய்ச்சல் மாத்திரைதான். அப்படி நடுங்கிட்டே போய் நின்னா நல்லாவா இருக்கும்?"

மாத்திரை போட்டு அமுக்காதீங்க என்று மூத்த நர்ஸ் சொன்னது அவளுக்கு நினைவு வந்தது.

புற்றுநோய்ப் பிரிவு பூட்டியிருந்தது. அவசரப் பிரிவு மட்டும்தான் திறந்திருந்தது, அங்கேயும் கூட்டம் வாசல்வரை. முன்னால் உட்கார்ந்திருந்த இளம் நர்ஸ் காதில் கருவியை வைத்துப் பார்த்தாள். "காய்ச்சலே இல்லையேக்கா." ரத்த அழுத்தம் பார்த்தாள். அதுவும் சரியாக இருந்தது. தேய்த்த சட்டையையும் துடைத்த முகத்தையும் ஒரு தடவை ஏறிட்டாள். "உக்காருங்க. வரிசைப்படி கூப்பிடுவாங்க."

"சரிங்க சிஸ்டர்," என்று கணவர் காலி நாற்காலியைத் தேடினார்.

அவள் நகரவில்லை. "சிஸ்டர், நான் சொல்றதக் கேளுங்க. நான் கீமோல இருக்கேன். போன வாரம்தான் ஏத்துனாங்க. வீட்ல காய்ச்சல் இருந்துச்சு."

"இப்ப இல்லையே."

"மாத்திரை அமுக்கி வச்சிருக்கு. ரத்தம் எடுத்துப் பாருங்க."

"டாக்டர் பாத்துதான் எழுதணும். உங்களுக்கு முன்னாடி எத்தனை பேரு பாருங்க."

பின்னால், அடிபட்ட கையைத் துணியில் தொங்கவிட்டு நின்றவர், "நாங்கல்லாம் வேடிக்கை பாக்கவா வந்திருக்கோம்? அந்தம்மாவப் பாத்தா விருந்துக்குக் கிளம்புன மாதிரி இருக்கு," என்றார்.

"வீட்டுக்காரர் இஸ்திரி போட்டு அனுப்பிட்டார்ண்ணே," என்றாள் அவள், திரும்பாமலே. "உள்ள எல்லாம் கசங்கித்தான் கெடக்கு."

கணவர் அவள் முழங்கையைத் தொட்டார். "வாயேன். அவங்களுக்குத் தெரியாததா? நாலு பேர் பாக்கறாங்க."

பார்க்கட்டும் என்று அவளுக்குத் தோன்றியது. தலைத்துணியின் முடிச்சை அவிழ்த்தாள். கட்டியவர் இறுக்கமாகக் கட்டியிருந்ததால் அதற்குக் கொஞ்ச நேரமாயிற்று. வெளி மனிதர் யாரும் அதுவரை பார்த்திராத வழுக்கைத் தலையில் வியர்வை முத்து முத்தாக நின்றது. துணியை மேசைமேல் வைத்தாள்.

"நான் உக்கார மாட்டேன் சிஸ்டர். உக்காந்தா எல்லாருக்கும் மறந்துடும். மாத்திரையோட வேகம் அடங்கறப்ப நான் பேசற நிலைல இருக்க மாட்டேன். அதான் இப்பவே பேசறேன்."

நர்ஸ் கருவியைக் கீழே வைத்தாள். "வீட்ல எவ்வளவு இருந்துச்சு? யார் பாத்தது?"

அவளுக்குத் தெரியாது. காலையில் நடந்ததெல்லாம் புகைமூட்டமாக இருந்தது. அவள் கணவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தான் செய்தது என்ன என்பது அவருக்கு அப்போதுதான் உறைக்கத் தொடங்கியிருந்தது.

"சொல்லுங்க," என்றாள்.

"நூத்தி ரெண்டுக்கு மேல," என்றார் அவர். "நான்தான் பாத்தேன். மாத்திரை குடுத்ததும் நான்தான் சிஸ்டர். குடுக்கக் கூடாதுன்னு தெரியாது."

நர்ஸ் எழுந்துவிட்டாள். அதற்குப் பிறகு யாரும் வரிசையைப் பற்றிப் பேசவில்லை. உள்ளே ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை காத்திராமல் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். முடிவு வந்தபோது வெள்ளை அணுக்கள் ஏறக்குறைய இல்லை. மதியம் காய்ச்சல் முழு வேகத்தோடு திரும்பி வந்து கட்டிலையே ஆட்டியது. அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் அவரைக் கூப்பிடவுமில்லை, திட்டவுமில்லை. அவளுக்கு நினைவு சரியாக இல்லை.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் வந்தார். அடுத்த மருந்தை ஒரு வாரம் தள்ளிப்போட்டிருப்பதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பப் பார்த்தார்.

"டாக்டர், ஒரு நிமிஷம்," என்றாள். "இன்னும் பாதி மருந்து பாக்கி இருக்கு. மறுபடி காய்ச்சல் வரும். உங்க பிரிவு பூட்டியிருந்தா நான் வாசல்ல என்ன சொன்னா உள்ள விடுவாங்க?"

டாக்டர் திரும்பி வந்தார். "'கீமோல இருக்கேன், காய்ச்சல் வந்திருக்கு.' வேற எதுக்கும் முன்னாடி இத சொல்லுங்க. அவசரப் பிரிவுக்கும் நான் சொல்லி வைக்கிறேன்."

அவர் போனதும் அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "எங்க, சொல்லுங்க."

"நீதான் நல்லா சொல்றியே."

"அன்னைக்கு எனக்கு வாய் இருந்துச்சு. அடுத்த தடவ இல்லேன்னா?"

அவர் பக்கத்துக் கட்டிலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, யாருக்கும் கேட்காதபடி முணுமுணுத்தார்.

"கேக்கல," என்றாள் அவள்.