ஐலாவுக்கு இரண்டு அடுப்பு

டிசம்பர் பிறந்துவிட்டால் ஐலா பிர்ஸ்கானென் என் வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை. கனத்த பீங்கான் பாத்திரம் ஒன்றை இரண்டு கையாலும் பிடித்தபடி, தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு நேராகச் சமையலறைக்குப் போய்விடுவார். பாத்திரத்தை மேடைமேல் வைத்ததும் என் ஓவனின் கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல இருக்கும்.

“இன்னிக்கு எப்படி இருக்கான்?”

“நேத்தைக்குத் தேவலை.”

“இடது பக்கம் இன்னும் கருக்கறானா?”

“கருக்கறான்.”

“அப்ப பாதியில திருப்பி வெச்சுடு தம்பி. மறந்துட்டு லைப்ரரிக்கு ஓடிடாத.”

குவோப்பியோ நகரில் ஏரிக்கரையோரம் உள்ள பழைய மரவீடு ஒன்றின் மாடியில் எங்கள் இருவருக்கும் எதிரெதிர் கதவு. அவர் வீட்டு ஓவனுக்குள் கிறிஸ்துமஸ் பன்றித்தொடை ஏறி உட்கார்ந்துவிட்டால் வேறு எதற்கும் இடமிருக்காது. ஆகவே லாத்திக்கோவெல்லாம் என் வீட்டுக்கு வந்துவிடும். லந்து என்கிற மஞ்சள் கிழங்கை வேகவைத்து மசித்து, பாலேடும் ரொட்டித்தூளும் கரும்பாகும் ஜாதிக்காயும் சேர்த்து, மெல்லிய சூட்டில் நெடுநேரம் வாட்டுகிற பதார்த்தம் அது. டிசம்பர் முழுக்க என் சட்டைகூட ஜாதிக்காய் வாசனை அடிக்கும். நான் வேலை பார்க்கிற நூலகத்துக்கு வருகிற கிழவர்கள் கவுண்டரில் குனிந்து மோந்துவிட்டு, “ஐலா ஆரம்பிச்சுட்டாளா?” என்பார்கள்.

அவர்கள் தேடி வருவதும் பெரும்பாலும் ஐலாவின் நாவல்களைத்தான். மர ஆலையில் வேலை செய்கிறவர்கள், விவாகரத்தான அக்கா தங்கைகள், பேருந்து நிறுத்தத்தில் காதலித்துத் தொலைக்கிறவர்கள் என்று கதையில் வருகிற எல்லாரும் பக்கத்துத் தெருக்காரர்களாகவே இருப்பார்கள். அதனால் ஊரில் பாதிப்பேருக்கு ஒரு சந்தேகம் உண்டு. கடைவீதி மண்டபத்து மீன்காரன் ஒருநாள் என் எதிரிலேயே ஐலாவிடம் கேட்டுவிட்டான்.

“போன புக்குல வர்ற கஞ்ச மீன்காரன் நான்தானே?”

“நீ கஞ்சனா?”

“சேச்சே.”

“அப்ப நீ இல்ல.”

அவன் கொஞ்சம் யோசித்து, பொட்டலத்துக்குள் இன்னொரு வெண்மீனைப் போட்டுக் கட்டினான். ஐலா நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். படியிறங்கும்போது, “அவன்தான்” என்றார்.

எழுத்துக்கென்று அவருக்குத் தனி அறை கிடையாது. சமையலறை மேசையில், ரொட்டி வெட்டும் பலகைமேல் மடிக்கணினியை வைத்து எழுதுவார். காலைக் காப்பிக்குப் பிறகு தொடங்கி, உருளைக்கிழங்கு உரிக்கும் நேரம் வந்ததும் நிறுத்திவிடுவார். ஆனால் நவம்பர் கடைசியோடு பலகை பலகையாகிவிடும். வாக்கியம் பாதியில் நின்றாலும் சரி. இந்த ஆண்டு, புதிதாகத் தொடங்கியிருந்த கதையில் ஒருவன் ஒற்றைக்காலில் மட்டும் பூட்ஸ் மாட்டிக்கொண்டு நிற்கையில் மூடி வைத்துவிட்டார்.

“பாவம், அவனை இன்னொரு காலையும் மாட்டவிட்டிருக்கலாமே” என்றேன்.

“வீட்டுக்குள்ளதான் நிக்கறான். குளிராது.”

அவர் கணவர் வெய்யோ நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். சன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து கம்பளிக் காலுறை பின்னுவார். ஐலா எழுதியதை மத்தியானத்தில் வாசிக்கக் கேட்கிற முதல் ஆள் அவர்தான். டிசம்பரில் கொதிக்கிற பானையிலிருந்து முதல் கரண்டி போவதும் அவர் வாய்க்குத்தான். இரண்டுக்கும் ஒரே மாதிரித்தான் தீர்ப்பு சொல்வார். எங்கள் சாவோ வட்டாரத்து ஆட்களிடம் நேரான பதிலை யாரும் எதிர்பார்ப்பதில்லை. வெய்யோ அதிலும் ஒரு படி மேலே.

“போகுது… போகலேன்னும் சொல்லலாம்” என்றால், அந்த அத்தியாயத்தை மறுபடி எழுத வேண்டும். “ஏதோ ஒண்ணு குறையற மாதிரி… கூடிப்போன மாதிரியும்தான்” என்று சொல்லிக் காதைச் சொறிந்தால் ஜாதிக்காய். உதட்டை நக்கினால் பாகு. இத்தனை வருடத்தில் ஐலா இந்த அகராதியை மனப்பாடம் செய்துவிட்டார்.

அப்படிப்பட்ட மனிதர் அக்டோபரில், வசந்தத்தில் வரவிருக்கும் நாவலைக் கடைசி வரிவரைக்கும் கேட்டுவிட்டு, “நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டார். ஐலா அன்று மாடிப்படியில் என்னை நிறுத்திவைத்துச் சொன்னார். கன்னமெல்லாம் சிவந்திருந்தது.

“வெறும் ‘நல்லா இருக்கு’ தம்பி. பின்னாடி வாலே இல்ல!”

மறுநாளே அதை ஹெல்சின்கிக்கு, பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டார்.

பண்டிகைக்கு முந்தைய தினத்துக்கும் முந்தைய நாள் மத்தியானம், காலியான பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க நான் எதிர்வீட்டுக்குப் போனேன். ஐலா தோளுக்கும் காதுக்கும் இடையில் போனை இடுக்கிக்கொண்டு, அட்டைப்படத்தைப் பற்றிப் பதிப்பகத்துப் பெண்ணோடு வாதாடிக்கொண்டிருந்தார். “அட்டையில கரடி எதுக்கும்மா? கதையில கரடியே இல்லையே!” கை தன்பாட்டில் மசியலைக் கிண்டியது, உப்பைப் போட்டது. கரடி ஒரு வழியாக விரட்டப்பட்டதும் போனை வைத்துவிட்டு, மரக்கரண்டியில் கொஞ்சம் அள்ளி ஊதி வெய்யோவிடம் நீட்டினார்.

வெய்யோ வாங்கி, மென்று, விழுங்கினார்.

“நல்லா இருக்கு.”

ஐலாவின் முகம் பூரித்துப்போயிற்று. “நீயும் பாரு தம்பி” என்று மிச்சத்தை என்னிடம் தந்தார். நான் வாயில் போட்டேன். ஏரியில் அல்ல, கடலில் வாயைத் திறந்த மாதிரி இருந்தது. இருமல் வந்துவிட்டது. விழுங்கவும் முடியாமல் துப்பவும் கூசி, குழாயடிக்கு ஓடினேன்.

ஐலா விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார். பேசிக்கொண்டே இரண்டு தடவை உப்புப் போட்டிருக்கிறார். ஆனால் அவர் உப்பைப் பார்க்கவில்லை. வெய்யோவைப் பார்த்தார்.

“என்னய்யா இது?”

“எது?”

“நல்லா இருக்குன்னியே.”

“நல்லாத்தான்… ஒரு மாதிரி…” வெய்யோ காலுறையை மடியிலிருந்து எடுத்துக் பின்னல் கண்ணிகளை எண்ணத் தொடங்கினார்.

“அதை வை. என்னைப் பாரு. எப்பலேர்ந்து?”

அவர் ஊசிகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு சன்னலைப் பார்த்தார். “இலை உதிர்ற காலத்துல ஒரு சளிக்காய்ச்சல் வந்துச்சே. அப்பலேர்ந்து. வாசனை வரல. அதோட ருசியும் போயிடுச்சு. எதைப் போட்டாலும் சுடுதண்ணிய மெல்லற மாதிரிதான் இருக்கு.”

“டாக்டர்கிட்ட?”

“போனேன். திரும்பி வரலாம், வராமலும் இருக்கலாம்னாரு. நம்ம ஊர் டாக்டர்தானே.”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஐலாவுக்கு வரவில்லை.

“ஏன் சொல்லல?”

வெய்யோ ஊசிகளை மடியில் வைத்தார். பிறகு, “பஸ் போச்சு. முழங்காலு போச்சு, பனி தள்ள விடமாட்டேங்கற. டிசம்பர்ல எனக்குன்னு இருக்கற வேலை இது ஒண்ணுதான், ஐலா. அதையும் பிடுங்கிட்டா இந்த நாற்காலிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?”

நான் நழுவப் பார்த்தேன். ஐலா கையசைத்து இருக்கச் சொன்னார். மரக்கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தார். அவர் முகம் வெளிறியிருந்தது. இன்னொரு கணக்கு அவருக்குள் ஓடுவதைப் பார்க்க முடிந்தது.

“அக்டோபர்ல சொன்னியே, நாவலு… அதுவும் இப்படித்தானா?”

“எப்படி?”

“சும்மா, என் மனசு கோணக்கூடாதுன்னு?”

வெய்யோ முதன்முறையாகத் திரும்பி அவரைப் பார்த்தார். உண்மையிலேயே ஆச்சரியப்பட்டவர்போல இருந்தார்.

“நாவல மூக்காலயா கேக்கறேன்?”

“வெய்யோ!”

“நிசமாத்தான். நல்லா இருக்கு.” கொஞ்சம் நிறுத்தினார். “அந்தப் பால்வண்டிக்காரன் சாகற இடம் மட்டும் கொஞ்சம் இழுக்குது. ஒரு மனுசன் சாக அத்தனை பக்கம் வேணுமா? நான் ரெண்டு தரம் எழுந்துபோய் காப்பி போட்டுட்டு வந்தேன், அவன் இன்னும் மூச்சு வாங்கிட்டிருக்கான்.”

ஐலா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்த முடியாமல் மேலங்கியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எனக்கும் தெரியும்யா. எனக்கும் தெரியும். வெட்டிடறேன்.” உடனே போனை எடுத்துப் பதிப்பகத்துப் பெண்ணைக் கூப்பிட்டு, பால்வண்டிக்காரனை இரண்டு பக்கத்தில் முடித்துவிடப்போவதாகச் சொன்னார். பண்டிகைக்காலத்தில் அவர் நாவலைத் தொட்டதை அன்றுதான் பார்த்தேன்.

உப்புக் கரித்த மசியலைக் கொட்ட அவருக்கு மனமில்லை. இன்னும் அவ்வளவு கிழங்கு சேர்த்தால் சரியாகிவிடும் என்றார். வெய்யோ தலைக்குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, சறுக்குநாற்காலியைத் தள்ளியபடி பனியில் சந்தைக்குப் போய், மூட்டையாக லந்து வாங்கிவந்தார். மாலை முழுவதும் மூவரும் தோல் சீவினோம். மசியல் இரண்டு பானை ஆயிற்று. இந்த வருடம் எங்கள் மரவீட்டில் இருந்த எல்லாக் குடித்தனத்துக்கும் லாத்திக்கோ போயிற்று. கீழ்த்தளத்துப் பியானோ டீச்சர் தனக்கு ஏன் இந்தத் திடீர் மரியாதை என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறார்.

மறுநாள் காலை ரயிலில் ஈசல்மியிலிருந்து கெர்த்து வந்து இறங்கினார். வெய்யோவின் அக்கா. பல் மருத்துவராக இருந்தவர். பேசும்போது இன்றும் எதிராளியின் வாய்க்குள்தான் பார்ப்பார். பல வருடங்களுக்கு முன் ஐலாவின் லாத்திக்கோவை “ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி இருக்கு” என்று சொன்னவர். அன்றிலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவருக்கு மேசையின் கடைக்கோடியில் பீட்ரூட் நறுக்கும் வேலைதான். அடுப்பின் பக்கம் வர அனுமதி கிடையாது. அவரும் வருவதில்லை, பீட்ரூட்டுகளோடு மட்டும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருப்பார்.

பதார்த்தம் ஓவனுக்குப் போகுமுன் ஐலா மரக்கரண்டியோடு பானையருகே கொஞ்சநேரம் நின்றார். பிறகு திரும்பினார்.

“கெர்த்து அக்கா, இங்க வாங்க.”

“ஏன், பீட்ரூட் போதாதா?”

“பீட்ரூட்ட வெச்சுட்டு வாங்க. இதை வாயில போட்டுச் சொல்லுங்க.”

கெர்த்து தம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. சிவந்த கைகளைத் துடைத்துக்கொண்டு எழுந்துவந்து, கண்ணை மூடிச் சப்பினார்.

“பாகு.”

“கூடவா, குறைவா?”

“குறைவு. உப்பு இருக்கே, அதுக்கு ஈடுகொடுக்கணும்ல.”

ஐலா பாகை ஊற்றினார். கெர்த்து மறுபடி சப்பினார். “இப்ப வாயில வெக்கலாம்.”

“நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்” என்றார் வெய்யோ, நாற்காலியிலிருந்து.

“சொல்லியிருப்பே, சொல்லியிருப்பே” என்றார் கெர்த்து. “முதல்ல வாயைத் திற. கடவாய்ப்பல்லு ஆடற மாதிரி தெரியுது.”

வெய்யோ எழுந்துவந்து கரண்டியைப் பிடுங்கி மசியலின் நடுவில் குத்தி நிறுத்தினார். அது மெல்லச் சாய்ந்தது. “தண்ணியா இருக்கு. இன்னும் கொஞ்சம் ரொட்டித்தூள் போடு. இதுக்கு மூக்கு வேணாம்.” தூள் விழுந்தது. கரண்டி நின்றது. மேற்பரப்பில் கோலமிடும் வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார். அம்மா போட்டது அலையா, ஊசியிலையா என்று அக்காவும் தம்பியும் சண்டை பிடித்து, கடைசியில் ஒரு பாத்திரத்தில் அலையும் இன்னொன்றில் ஊசியிலையும் போட்டார்கள்.

நடுப்பகலில் தொலைக்காட்சியில் துர்க்கு நகரத்து மாடத்திலிருந்து, பண்டிகை முடியும்வரை எல்லாரும் அமைதி காக்க வேண்டுமென்று ஆண்டுதோறும் வாசிக்கிற கிறிஸ்துமஸ் அறிவிப்பை வாசித்தார்கள். வெய்யோ எழுந்து நின்று கேட்டார். கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, சவுனா அறையின் நீராவியில் வியர்க்க உட்கார்ந்துவிட்டு வந்தோம். என் ஓவனில் இடது ஓரத்தைக் கருகவிடாமல் நான் காப்பாற்றிய பாத்திரங்களும் மேசைக்கு வந்தன.

எல்லாரும் பரிமாறிக்கொண்டோம். வெய்யோ லாத்திக்கோவை ஒரு கவளம் எடுத்து நிதானமாக மென்றார்.

“எப்படி இருக்கு?” என்றார் கெர்த்து.

“சூடா இருக்கு. மேல மொறுமொறுன்னு, உள்ள வழவழன்னு.” தோளைக் குலுக்கினார். “மீதிய நீங்கதான் சொல்லணும்.”

கெர்த்து சொல்லத் தொடங்கினார். நீளமாகவே சொன்னார். ஐலா அதைக் கேட்கவில்லை. கணவரின் தாடை அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கையின் இரண்டு விரலால் தன் மூக்கை இறுக்கப் பிடித்துக்கொண்டு, தட்டிலிருந்து ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டு, மெல்ல மெல்ல மென்றார். விழுங்கினார். மூக்கிலிருந்து கையை எடுக்காமலே, இன்னொரு கரண்டி அள்ளினார்.